உப்பு பத்தலைன்னு கத்துற மகராசன்களுக்கு...

போன மாதம் லீவுக்கு ஊருக்குப் போனபோது விமானத்தில் ஒரு காட்சி. எனக்கு இரண்டு வரிசை முன்னால் ஒரு பெரிய மனுஷர். தட்டு வந்தது, ஒரு வாய் வைத்தார், அவ்வளவுதான். "உப்பும் இல்ல, உறைப்பும் இல்ல, இதை மனுஷன் தின்பானா?" என்று அந்தப் பணிப்பெண்ணை ஆங்கிலத்தில் வாங்கு வாங்கென்று வாங்கினார். உச்சரிப்பிலேயே நம்ம ஊர்க்காரர் என்று தெரிந்துவிட்டது :-) அந்தப் பெண்ணுக்கு என் தங்கை வயசுகூட இருக்காது. "ஸாரி சார், ஸாரி சார்" என்று நின்றுகொண்டே இருந்தாள். சுற்றி இருந்த நாலு பேர் தலையாட்டினார்கள். ஒருவர் செல்போனில் படம் வேறு எடுத்தார்.

நான் வாயைத் திறக்கவில்லை. அப்போது திறக்காத வாயைத்தான் இங்கே திறக்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உப்பு விஷயத்தை முடித்துவிடுவோம். விமானம் முப்பத்தைந்தாயிரம் அடியில் பறந்தாலும் உள்ளே காற்றழுத்தம் ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடி உயரத்தில் இருப்பது போலத்தான் இருக்கும். அதாவது ஏறக்குறைய கொடைக்கானல். ஆனால் கொடைக்கானல் ஈரம் அங்கே கிடையாது. காற்றில் ஈரப்பதம் இருபது சதவீதத்துக்கும் கீழே போய்விடும். மூக்கு காய்ந்துபோகும், மூக்கு காய்ந்தால் வாசனை போகும், வாசனை போனால் ருசியில் பாதி போச்சு. கூடவே எஞ்சின் இரைச்சல். 2010 வாக்கில் லுஃப்தான்சா கம்பெனிக்காக ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனத்தார் தரையிலேயே ஒரு விமானத்தை வைத்து, அழுத்தத்தைக் குறைத்து, ஆட்களுக்குச் சாப்பாடு கொடுத்துப் பார்த்தார்கள். உப்பும் இனிப்பும் நாக்கில் மங்கித்தான் போகிறது. ஆக, அய்யா, உப்பு தட்டில் இருக்கிறது. உங்கள் நாக்கில்தான் இல்லை. அந்தப் பெண்ணைத் திட்டி ஒரு பிரயோஜனமும் இல்லை.

இன்னொன்று. அந்தப் பெண் சமைக்கவும் இல்லை. விமானத்தில் யாருமே சமைப்பதில்லை. அங்கே அடுப்பு கிடையாது, தீ கிடையாது. சூடான காற்றையோ நீராவியையோ சுழற்றும் ஒரு பெட்டி இருக்கும். மூடி போட்ட கிண்ணங்களை அதற்குள் அடுக்கி, இருபது நிமிஷம் போல சூடு காட்டி எடுப்பார்கள். அவ்வளவுதான். சமையல் நடந்தது பல மணி நேரத்துக்கு முன்னால், தரையில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரிய கட்டடத்தில்.

அந்த மாதிரி ஒரு கட்டடத்தில் நான் வேலை பார்த்திருக்கிறேன். அதனால்தான் எனக்குக் கோபம் உப்பு பற்றி வருவதில்லை. வேறொன்றைப் பற்றி வருகிறது.

*

நமக்கு கோவில்பட்டி பக்கம். உணவுத் தொழில்நுட்பம் படித்துவிட்டு 2005ல் பெங்களூர் போனேன். ஒரு ஃபிளைட் கிச்சனில் தரக் கட்டுப்பாட்டு வேலை. பெயர் வேண்டாம். விவேக் நகரில் ஒரு மாடி அறையில் வாடகைக்கு இருந்தேன். குழந்தை இயேசு கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி. பெங்களூர்க்காரர்களுக்குத் தெரிந்திருக்கும், வியாழக்கிழமை ஆனால் அந்தப் பக்கம் வண்டி நகராது. எல்லா மதத்துக்காரர்களும் மெழுகுவர்த்தியோடு வந்து நிற்பார்கள். மற்ற நாட்களில் காது நிறையத் தமிழ். ஊரை விட்டு வந்த ஏக்கம் அந்தத் தெருவில்தான் எனக்குக் கொஞ்சம் குறைந்தது.

அப்போது விமான நிலையம் ஹெச்.ஏ.எல்.லில் இருந்தது, எங்கள் ஏரியாவுக்குப் பக்கம்தான். 2008 மே 24ஆம் தேதிதான் தேவனஹள்ளிக்கு மாறியது. அதனால் ஃபிளைட் கிச்சனில் வேலை பார்க்கிறவர்கள் நிறையப் பேர் விவேக் நகர், ஈஜிபுரா, நீலசந்திராவில் இருந்தார்கள். என் பக்கத்து வீட்டு அண்ணனும் அதில் ஒருவர். அப்பா காலத்தில் கிருஷ்ணகிரிப் பக்கத்தில் இருந்து வந்த குடும்பம். அவர் எங்கள் கிச்சனில்தான் வேலை பார்த்தார். ஆனால் நான் கம்பெனி ஆள், அவர் காண்ட்ராக்ட் ஆள். என் கார்டு நீலம், அவர் கார்டு மஞ்சள். இந்த வித்தியாசம் முக்கியம், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே வேலை எப்படி நடக்கும் என்று சொல்லிவிடுகிறேன். ஹாட் கிச்சனில் சாதம், குழம்பு, கோழி எல்லாம் வேகும். ஒவ்வொரு பாத்திரத்திலும் நடுவில் தெர்மாமீட்டர் குத்தி வெந்துவிட்டதா என்று பார்ப்போம். வெந்ததை அப்படியே வைக்கக் கூடாது. பிளாஸ்ட் சில்லர் என்று ஒரு குளிர் அறை, ஐஸ்காற்று அடிக்கும். அதில் தள்ளி, சீக்கிரமாக ஐந்து டிகிரிக்குக் கீழே கொண்டுவர வேண்டும். ஏனென்றால் ஐந்துக்கும் அறுபதுக்கும் நடுவில் இருக்கிற வெதுவெதுப்புதான் கிருமிக்குக் கல்யாண மண்டபம். அப்புறம் குளிரூட்டிய கூடத்தில் நீளமான பெல்ட்டில் தட்டு ஓடும். ஒருவர் பன் வைப்பார், ஒருவர் வெண்ணெய், ஒருவர் சாலட், ஒருவர் இனிப்பு. தட்டு டிராலிக்குள் போகும், டிராலி ஹை-லிஃப்ட் லாரியில் ஏறும், லாரியின் பெட்டி அப்படியே மேலே எழும்பி விமானத்தின் கதவோடு ஒட்டிக்கொள்ளும். பார்க்கவே அழகாக இருக்கும்.

பார்வையாளர்கள் வந்தால் நாங்கள் பிளாஸ்ட் சில்லரைக் காட்டுவோம். பளபளக்கும் எவர்சில்வர், டிஜிட்டல் எண்கள், எல்லாரும் வாயைப் பிளப்பார்கள். கோல்ட் கிச்சனைக் கடைசியில் இரண்டு நிமிஷம் காட்டுவோம். அங்கே மெஷின் ஒன்றும் பெரிதாகக் கிடையாது. மேஜை, பலகை, கத்தி, கை. வெள்ளரிக்காய், பப்பாளி, தர்பூசணி, சாண்ட்விச். ஆனால் யோசித்துப் பாருங்கள். இந்தப் பொருட்கள் எதுவுமே திரும்பச் சூடாகாது. கோல்ட் கிச்சனில் தொட்ட கைக்கு அப்புறம் அடுத்தது உங்கள் வாய்தான்.

பக்கத்து வீட்டு அண்ணன் அங்கேதான் பழம் வெட்டுவார்.

*

இந்தத் தொழிலில் இருக்கிற எல்லாருக்கும் ஒரு கதை தெரியும். 1975 பிப்ரவரி 3. ஜப்பான் ஏர்லைன்ஸின் ஜம்போ, 344 பயணிகள், டோக்கியோவில் இருந்து பாரிஸ். வழியில் அலாஸ்காவின் ஆங்கரேஜில் நிறுத்தி சாப்பாடு ஏற்றினார்கள். காலை உணவுக்கு ஹாம் வைத்த ஆம்லெட். கோபன்ஹேகன் நெருங்கும்போது வாந்தி, வயிற்றுப்போக்கு. மொத்தம் 197 பேர் விழுந்துவிட்டார்கள். நூறு பேருக்கும் மேல் ஆஸ்பத்திரியில். டேனிஷ் டாக்டர்களுக்கு ஜப்பானிய மொழி தெரியாமல், ஊரில் இருந்த ஜப்பானிய ஓட்டல் ஊழியர்களைக் கூட்டிவந்து மொழிபெயர்க்கச் சொன்னார்களாம். விமானிகள் தப்பியது தற்செயல். ஆங்கரேஜில் புதிதாக ஏறியவர்கள், அவர்கள் உடம்புக் கடிகாரத்துக்கு அது ராத்திரி, அதனால் ஆம்லெட் வேண்டாம் என்று இறைச்சி சாப்பிட்டிருந்தார்கள். அன்றைக்கு அவர்களும் ஆம்லெட் சாப்பிட்டிருந்தால்? நினைக்கவே வயிற்றைக் கலக்குகிறது.

காரணம் என்ன தெரியுமா? ஆங்கரேஜ் கிச்சனில் ஹாம் அடுக்கிய ஒரு சமையல்காரரின் விரலில் சீழ் பிடித்த புண். அதில் இருந்த ஸ்டெஃபிலோகாக்கஸ் கிருமி ஹாமில் ஏறியது. ஹாம் பல மணி நேரம் குளிரில் வைக்கப்படாமல் வெளியே கிடந்தது. கிருமி பெருகி விஷத்தைக் கக்கியது. விமானத்தில் சூடு காட்டினார்கள், கிருமி செத்திருக்கலாம், ஆனால் அந்த விஷம் சாகாது. அரை மணி நேரம் கொதிக்க வைத்தாலும் தாங்கும். அந்த உணவுக் கம்பெனியின் உயர் பொறுப்பில் இருந்தவர் சில நாட்களில் தற்கொலை செய்துகொண்டார்.

344 பேர், ஒரு ஜம்போ ஜெட், அன்றைய தேதியில் உலகத்தின் நவீன சமையல் வசதி. எல்லாவற்றையும் கவிழ்த்தது ஒரு விரல்.

இந்தக் கதையை நானே பயிற்சி வகுப்பில் நூறு தடவை சொல்லியிருக்கிறேன். படம் போட்டுக் காட்டுவேன். "கையில் வெட்டு, புண், கொப்புளம் எது இருந்தாலும் உடனே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் குற்றம்." எல்லாரும் தலையாட்டுவார்கள். கையெழுத்து போடுவார்கள். அந்தக் கையெழுத்து ஃபைலில் போகும். ஃபைல் ஆடிட்டுக்குப் போகும்.

முதலுதவிப் பெட்டி பக்கத்தில் ஒரு நோட்டு தொங்கும். யாருக்கு வெட்டு, எந்த விரல், எத்தனை மணிக்கு, பிளாஸ்திரி ஒட்டியாச்சா என்று எழுத. எங்கள் பிளாஸ்திரி நீலக் கலரில் இருக்கும். நீலத்தில் சாப்பாட்டுப் பொருள் ஏதும் கிடையாது, அதனால் கழன்று விழுந்தால் கண்ணில் படும். உள்ளே ஒரு உலோக இழை வேறு, மெட்டல் டிடெக்டரில் மாட்டுவதற்கு. எவ்வளவு யோசித்துச் செய்திருக்கிறான் பாருங்கள்!

அந்த நோட்டில் மாதாமாதம் பூஜ்யம். கோல்ட் கிச்சனில் மூன்று ஷிஃப்ட், நாள் முழுக்கக் கத்தி. ஆறு மாசத்தில் ஒருத்தர் விரலில் ஒரு கீறல்கூட விழவில்லையாம். நம் வீட்டில் வாரம் ஒரு தடவை வெங்காயம் நறுக்குகிற நமக்கே விரல் நறுக்குப்படுகிறது. ஆடிட்டுக்கு வந்த வெள்ளைக்காரர் அந்தப் பூஜ்யத்தைப் பார்த்து "எக்ஸலண்ட்" என்றார். நானும் பல்லைக் காட்டினேன். இன்றைக்கு நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

*

2007ல் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம். கோயில் தெருவில் கூட்டத்தில் அண்ணனும் அண்ணியும் எதிரே வந்தார்கள். மெழுகுவர்த்தி பிடித்திருந்த இடது கையில், ஆள்காட்டி விரலில் ஒரு துணிக்கட்டு. ஓரத்தில் மஞ்சள்.

"என்னண்ணே இது?"

"ஒண்ணுமில்லப்பா. திங்கக்கிழமை கத்தி பட்டுச்சு."

"வேலைக்கு?"

"ரெண்டு கிளவுஸ் போட்டுக்கிறேன்." அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சொன்னா கேட்லயே கார்டை வாங்கிப்பாங்க. உனக்குத் தெரியாதா?"

தெரியும். காண்ட்ராக்ட் ஆட்களுக்கு வந்தால் கூலி, வராவிட்டால் இல்லை. புண் ஆறுகிற வரை உள்ளே விட முடியாது என்று நாங்கள் சொல்லிவிட்டால், அந்த நாட்களுக்குக் காண்ட்ராக்டர் பைசா தரமாட்டார். அவர் இடத்துக்கு மறுநாள் வேறு ஆள் வந்துவிடுவார். ஈ.எஸ்.ஐ. இருக்கிறதே என்பீர்கள். 1948ஆம் வருஷத்து ஈ.எஸ்.ஐ. சட்டத்தில், வேலையில் அடிபட்டால் உதவித்தொகை உண்டுதான். ஆனால் அடிபட்ட நாளைத் தவிர்த்து மூன்று நாளாவது வேலை செய்ய முடியாமல் போயிருக்க வேண்டும். சாதாரணக் காய்ச்சல், வயிற்றுப்போக்குக்கான உதவியிலும் முதல் இரண்டு நாளுக்குக் கிடையாது. விரலில் வெட்டுப்பட்டவனை எந்த டாக்டரும் "வேலை செய்ய முடியாதவன்" என்று எழுதிக் கொடுக்க மாட்டார். அவனால் வேலை செய்ய முடியும். சாப்பாட்டைத்தான் தொடக் கூடாது. சட்டத்தில் அவனுக்கு ஓர் இடமே இல்லை.

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை. சொன்னால் அவர் அடுப்பு எரியாது. சொல்லாவிட்டால் ஏதோ ஒரு விமானத்தில் யாரோ ஒருவரின் கைக்குழந்தை. காலையில் போய்ச் சொல்லிவிட்டேன்.

அன்றைக்கு அவர் வெட்டிய பழம் முழுவதையும் குப்பையில் கொட்டினோம். திங்கள் முதல் வியாழன் வரை வெட்டியது ஏற்கெனவே பறந்துபோயிருந்தது. நல்லவேளை, யாருக்கும் எதுவும் ஆனதாகத் தகவல் வரவில்லை. அண்ணனை வீட்டுக்கு அனுப்பினார்கள். நோட்டில் எழுதப் போனேன். மேலதிகாரி தடுத்தார். "வெட்டு இங்கேதான் பட்டது என்பதற்கு ஆதாரம் இல்லை, எழுத வேண்டாம், அடுத்த வாரம் ஆடிட்" என்றார். பூஜ்யம் பூஜ்யமாகவே இருந்தது.

காண்ட்ராக்டர் அவரைத் திரும்பக் கூப்பிடவே இல்லை.

அதற்கப்புறம் நடந்ததுதான் எனக்குப் பாடம். நான் கோல்ட் கிச்சனுக்குள் நுழைந்தால் கைகள் ஏப்ரனுக்குள் போகும். முன்னெல்லாம் "சார், இந்தத் தயிர் வாசனை சரியில்ல, பாருங்க" என்று கூப்பிட்டுக் காட்டியவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். நான் விதிப்படி சரியாகத்தான் நடந்தேன். அதன் பலன், முன்னால் ஒருவர் மறைத்தார், இப்போது அத்தனை பேரும் மறைத்தார்கள். நான் அந்தக் கிச்சனின் பாதுகாப்பைக் கூட்டினேனா, குறைத்தேனா? குறைத்தேன் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

*

இப்போது நான் இருப்பது நெதர்லாந்தில், ராட்டர்டாமில். கப்பல்களுக்குச் சாப்பாட்டுச் சாமான் ஏற்றுகிற ஒரு கம்பெனியில் அதே தரக் கட்டுப்பாட்டு வேலை. அடிக்கடி கப்பலில் ஏறி, குளிர் அறைகளையும் சமையலறையையும் பார்ப்பேன். கப்பல் சமையலறைக்கும் விமானத்தில் இருப்பதற்கும் ஆங்கிலத்தில் ஒரே பெயர், "கேலி". தமிழில் எழுதினால் அர்த்தம் பொருத்தமாக வந்துவிடுகிறது :-)

ஆனால் கப்பலில் நிஜமாகவே சமைக்கிறார்கள். தீ கூடாது என்பதால் பெரும்பாலும் மின்சார அடுப்புத் தட்டுகள்தான். அலையில் பாத்திரம் வழுக்காமல் இருக்க அடுப்பைச் சுற்றி இரும்புக் கம்பி போட்டிருப்பார்கள். கறி அறை, மீன் அறை மைனஸ் பதினெட்டு, காய்கறி அறை நாலு டிகிரி போல. இருபது இருபத்தைந்து பேருக்கு ஒரு சமையல்காரர், கூட ஒரு மெஸ்மேன். பழைய கப்பல்காரர்கள் சமையல்காரரைப் பண்டாரி என்பார்கள். ஞாயிறு, பண்டிகை, புயல் எதுவும் கிடையாது, மூன்று வேளையும் நேரத்துக்கு வர வேண்டும்.

சில வருஷம் முன்னால் ஒரு சரக்குக் கப்பலில் ஏறினேன். பண்டாரி ஒரு கோவாக்காரர். நான் கேட்பதற்கு முன்னால் அவரே கையை நீட்டினார். நீல பிளாஸ்திரி. "நேற்று வெட்டிக்கொண்டேன். நோட்டில் இருக்கிறது. கேப்டனுக்குத் தெரியும். சாலட் எல்லாம் மெஸ்மேன் பார்க்கிறான், நான் அடுப்பு மட்டும்" என்றார், ஏதோ வானிலை சொல்கிற மாதிரி. நோட்டைப் புரட்டினேன். அந்த மாதத்தில் மூன்று வெட்டு, ஒரு சூட்டுக் கொப்புளம்.

என் வாழ்க்கையிலேயே நான் பார்த்த முதல் உண்மையான நோட்டு அதுதான்.

இவர் மட்டும் எப்படிப் பயமில்லாமல் காட்டினார்? கோவாக்காரர் நல்லவர், கிருஷ்ணகிரிக்காரர் திருடர் என்றா அர்த்தம்? கிடையாது. கப்பல்காரர்களுக்கு என்று 2006ல் உலகத் தொழிலாளர் அமைப்பு ஓர் உடன்படிக்கை செய்தது. 2013 ஆகஸ்ட் 20ல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2015ல் ஒப்புக்கொண்டது. அதில் சாப்பாடு இலவசம், சமையல்காரர் பயிற்சி பெற்றவராக இருக்க வேண்டும், சமையலறையை அடிக்கடி சோதித்து எழுதி வைக்க வேண்டும் என்றெல்லாம் இருக்கிறது. இன்னொரு பக்கத்தில், கப்பலில் இருக்கிறவருக்கு நோயோ காயமோ வந்தால், அவர் கப்பலில் இருக்கும்வரை முழுச் சம்பளம் என்றும் இருக்கிறது. இது நேற்று வந்த புது யோசனையும் இல்லை. நோயுற்ற கடலோடிகளின் பொறுப்பு முதலாளியுடையது என்று 1936லேயே ஓர் உடன்படிக்கை உண்டு.

கப்பல் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. பத்துப் பேருக்குக் குறைவான கப்பலில் முழுப் பயிற்சி பெற்ற சமையல்காரர் இல்லாமலே ஓட்டலாம் என்று அதே உடன்படிக்கையில் ஓட்டை இருக்கிறது. ஆளுக்கு ஒரு நாளைக்கு இத்தனை டாலர் என்று சாப்பாட்டுக் காசைக் கசக்கிப் பிழியும் கம்பெனிகளை நான் தினமும் பார்க்கிறேன். ஆனாலும் அந்த ஒரு விஷயம், வெட்டுப்பட்ட விரலைக் காட்டினால் கூலி போகாது என்கிற விஷயம், அந்த மனுஷரின் கையை மேஜை மேல் கொண்டுவந்தது.

*

இதைச் சொன்னால் என் தொழில்காரர்களே சண்டைக்கு வருவார்கள். அவர்கள் சொல்வதையும் பார்த்துவிடுவோம்.

"கையுறை இருக்கிறதே." இருக்கிறது. கையுறை கிழியும். கத்தி பட்டால் விரலோடு சேர்ந்துதான் கிழியும். உள்ளே வேர்த்து, சீழ் ஊறி, அந்த ஓட்டை வழியாக வெளியே வரும். அதைவிட மோசம், கையுறை புண்ணை மறைத்துவிடும். எங்கள் அண்ணன் மூன்று நாள் மறைத்தது கையுறையால்தான்.

"சட்டம் இருக்கிறதே." நம் நாட்டில் 2006ல் உணவுப் பாதுகாப்புச் சட்டம், 2011ல் அதன் விதிகள். உணவைத் தொடுகிறவர்களுக்கு வருஷம் ஒரு தடவை மருத்துவப் பரிசோதனை. நோயோ புண்ணோ இருந்தால் உடனே தெரிவிக்க வேண்டும். எல்லாம் சரி. தெரிவித்தவன் அன்றைக்கு எதைச் சாப்பிடுவான்? அதைப் பற்றி அங்கே பேச்சு இல்லை. உண்மை சொல்கிறவனுக்கு அபராதம், மறைக்கிறவனுக்குக் கூலி என்று வைத்துவிட்டு, "ஏன் சொல்லவில்லை?" என்று கேட்பது எந்த ஊர் நியாயம்?

"கூலி கொடுத்தால் பொய்யாக வெட்டிக்கொண்டு லீவு போடுவான்." நீலக் கார்டுக்காரன் தலைவலி என்று மெயில் அனுப்பினால் சிக் லீவு. மஞ்சள் கார்டுக்காரன் ரத்தம் காட்டினாலும் சந்தேகமா? தவிர, வீட்டுக்கு அனுப்பத்தான் வேண்டும் என்று யார் சொன்னது? டிராலி எண்ணுவது, ஸ்பூன், முள்கரண்டி பாக்கெட்டைப் பெட்டிக்கணக்கில் இறக்கி வைப்பது, லாரிக்குச் சீட்டு எழுதுவது என்று சாப்பாட்டைத் தொடாத வேலை ஆயிரம் இருக்கிறது. புண் ஆறும்வரை அங்கே போடு, அதே கூலி கொடு.

"செலவு ஆகும்." ஆகட்டும், கணக்குப் போடுவோம். ஒரு கிச்சன் நாளைக்குப் பத்தாயிரம் தட்டு போடுகிறது என்று வையுங்கள். ஓர் ஆளின் ஒரு நாள் கூலி 700 ரூபாய் என்று வையுங்கள். தினமும் ஒருத்தர் வெட்டுப்பட்டு, ஒரு வேலையும் செய்யாமல் உட்கார்ந்திருந்தால்கூட, தட்டுக்கு ஏழு பைசா. அந்தத் தட்டில் வைக்கிற டூத்பிக் அதைவிட அதிகம் ஆகும் போலிருக்கிறது.

பிளாஸ்ட் சில்லர் வாங்கக் கோடிக்கணக்கில் தயங்காமல் கொடுப்பார்கள். ஏழு பைசாவுக்குத்தான் கமிட்டி போட வேண்டும் என்பார்கள்.

ஆகவே என் கோரிக்கை இரண்டுதான். ஒன்று, விமானக் கம்பெனிகள் கிச்சன்களோடு ஒப்பந்தம் போடும்போது, காயமோ வயிற்றுப்போக்கோ சொல்லிக்கொள்கிற எந்தத் தொழிலாளிக்கும், காண்ட்ராக்ட் ஆள் உள்பட, அந்த நாட்களின் கூலி முழுசாக உண்டு என்று எழுத வேண்டும். குழம்பின் சூடு எத்தனை டிகிரி என்று எழுதுகிறவர்களுக்கு இதை எழுதத் தெரியாதா? இரண்டு, ஆடிட்டுக்குப் போகும் என் போன்ற மகானுபாவர்கள் அந்த வெட்டு நோட்டில் பூஜ்யத்தைப் பார்த்தால் மதிப்பெண்ணைக் குறைக்க வேண்டும். கத்தி ஓடுகிற இடத்தில் பூஜ்யம் என்றால் அது பொய். நான் இங்கே சில வருஷமாக அப்படித்தான் செய்கிறேன். கெட்ட பெயர்தான், பரவாயில்லை.

*

2019ல் பெங்களூர் போனபோது விவேக் நகர் போனேன். வியாழக்கிழமை. கூட்டம் அப்படியே இருக்கிறது. அண்ணனைக் கண்டுபிடித்தேன். கோரமங்களா பக்கம் ஒரு பேயிங் கெஸ்ட் விடுதியில் சமையல் செய்கிறாராம். அண்ணி என்னோடு அவ்வளவாகப் பேசவில்லை. டீ மட்டும் கொண்டுவந்து வைத்தார். அதற்கு மேல் எதிர்பார்க்க எனக்கு உரிமை கிடையாது.

கிளம்பும்போது நானாகத்தான் அந்தப் பேச்சை எடுத்தேன். அண்ணன் சிரித்தார். "நீ பண்ணது தப்பில்லப்பா. எம் புள்ள அந்த பிளேன்ல போயிருந்தா நானும் அப்டித்தான் பண்ணியிருப்பேன்." கொஞ்சம் நிறுத்தி, "ஆனா அதுக்கப்புறம் ஒருத்தனும் உங்கிட்ட சொல்லியிருக்க மாட்டானே?" என்றார்.

இல்லை அண்ணே. ஒருத்தனும் சொல்லவில்லை.

அந்த விமானத்துப் பெரிய மனுஷருக்குத் திரும்ப வருகிறேன். அய்யா, அடுத்த தடவை சாப்பாடு பற்றிப் புகார் எழுதியே தீர வேண்டும் என்று தோன்றினால், அந்தப் பெண்ணை விட்டுவிடுங்கள். விமானக் கம்பெனிக்கு ஒரு வரி எழுதுங்கள். "உங்கள் கிச்சனில் பழம் வெட்டுகிறவருக்கு விரலில் வெட்டுப்பட்டால், அன்றைக்கு அவருக்குக் கூலி உண்டா?" என்று கேளுங்கள். பதில் வராது என்றுதான் நினைக்கிறேன். நூறு பேர் கேட்டால் வரும்.

உப்பு வேண்டுமென்றால் தட்டு ஓரத்தில் ஒரு சின்ன பாக்கெட் இருக்கும், பிய்த்துப் போட்டுக்கொள்ளுங்கள்.